இடது பக்கத்துத் தவில்

பாப்பா,

வாடகைப் பாத்திரங்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை எதிர்வீட்டு ஆடு நேற்றுத்தான் தின்று முடித்தது. அப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். மகளை அனுப்பிவிட்டு வந்தால் ஆயிரம் வேலை கிடக்கும் என்று பேண்டேஜ் கம்பெனியில் இந்த வாரம் முழுக்க லீவு சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் ஒரு வேலையும் இல்லை. நீ இல்லாத வீட்டில் துவைக்கத் துணிகூடச் சேரமாட்டேன் என்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் மகளை உட்கார வைத்துச் சொல்லும் புத்திமதிகளைச் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. பந்திக்கும் பூவுக்கும் ஓடியே அந்தப் பத்து நாளும் போய்விட்டது. இப்போது சாவகாசமாக உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று யோசித்தால், நான் சொல்ல நினைப்பதில் பாதி நீ எனக்குச் செய்து காட்டியதாகவே இருக்கிறது. ஆகையால் உன்னைப் பற்றியே உனக்கு எழுதுகிறேன். பெற்றவள் பெருமை பேசுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், நான் நிறுத்தப் போவதில்லை.

அந்த ஆம்ப்ளிஃபயர் நம் வீட்டுக்கு வந்தபோது நீ சின்னப் பிள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கும் மரியதாஸ், அப்பாவுக்கு இளவட்ட வயதிலிருந்து சிநேகிதர். அவர் தன் கையாலேயே சாமான் சாமானாக வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்த செட் அது. தகரப் பெட்டி, முன்னால் பளபளவென்று அலுமினியத் தகடு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், இடதையும் வலதையும் சமப்படுத்த ஒரு குமிழ். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா அதை பஸ்ஸில் கொண்டுவந்தார். வழி நெடுக, கைக்குழந்தையைப் பார்ப்பதைப்போல அடிக்கடி போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்ததாகக் கேள்வி. ஹாலில் மூலைக்கொன்றாக ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்து, நடுவில் நாற்காலியைப் போட்டு, முதலில் நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். இடது மூலையிலிருந்து தவில், வலது மூலையிலிருந்து நாயனம். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருக்கும். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. சந்தோஷம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

நீ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்து விடுதிக்குப் போன வருஷம் அது கெட ஆரம்பித்தது. தவில் இறங்கிவிட்டது, நாயனம் மட்டும் தனியாகக் கத்துகிறது என்றார். எனக்கு இரண்டும் கேட்டது. சொன்னேன். உனக்கு என்ன தெரியும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு செட் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. மரியதாஸ் இடது பக்கத்து டிரான்ஸிஸ்டர்களை மாற்றினார். அடுத்த தடவை எல்லா இடத்திலும் புதிதாக ஈயம் பற்ற வைத்தார். அதற்கடுத்த தடவை குமிழையே மாற்றினார். கடையில் வைத்துப் போட்டால் இரண்டு பக்கமும் ஜோராகப் பாடும். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குத் தவில் கேட்காது. கடைசியில் சமப்படுத்தும் குமிழை இடது ஓரத்துக்கே திருகி வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். அந்த மூலைக்கு அடுத்தாற்போல் அடுப்படி. தவில்காரர் என் ரசச் சட்டிக்குள் உட்கார்ந்து அடிப்பதுபோல் இருக்கும், அலமாரியில் தட்டுகள் அதிரும். அவரோ அப்போதும், இப்பத்தான் சுமாராக் கேக்கு என்பார்.

இவ்வளவு நடந்தும் எங்களில் ஒருத்தருக்கும் அவர் காதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இராஜபாளையத்தில் அவர் வேலை பார்க்கும் நூல் மில்லில், ஃபிட்டர் என்பதைவிட அவருக்கு அப்போது காதுக்காரர் என்றுதான் பெயர். நூல் நூற்கிற அத்தனை ரிங் பிரேம்களும் ஒன்றாக இரையும் கூடத்துக்குள் நடந்துபோகும்போதே நின்று, ஒரு மெஷின் தலையில் இடது காதை ஒட்டி வைத்து, இந்த பேரிங் இந்த வாரம் தாங்காது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. மேலதிகாரிகளே அவர் காதைக் கேட்டுவிட்டுத்தான் மெஷினைக் கழற்றச் சொல்வார்கள். அந்தக் கூடத்தில் பறக்கிற பஞ்சில் ஒரு துளியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றியதில்லை. காதை அடைத்துக்கொண்டவன் வேலைக் கள்ளன் என்று அங்கே ஒரு நினைப்பு. தினமும் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சோடு வீட்டுக்கு வந்த மனிதரின் காதுக்குள் மட்டும் பஞ்சே போனதில்லை.

செட் கெட்டதுகூடப் பெரிதில்லை, பாப்பா. மனிதர் மாற ஆரம்பித்தார். மில்லில் ஹெல்பர்கள் தனக்குப் பின்னால் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள் என்றார். எல்லோரும் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறார்கள் என்றார். நான் ஒன்று கேட்டால் பதில் வராது. திரும்பக் கேட்டால், ஏன் கத்துகிறாய் என்று வரும். எனக்கும் ரோஷம் உண்டல்லவா? வேண்டியதற்கு மட்டும் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒருநாள் நானும் அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். நிறையப் பேர் இருந்த கடையில் வைத்து, பழைய சாமானைப் போட்டு ஏமாற்றுகிறாய் என்று மரியதாஸைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மரியதாஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். யாரையும் ஒரு சொல் சொல்லாத மனிதர் அவர். இப்படியே போனால் கூடவே இருந்தும் நமக்கு இல்லாமல் போய்விடுவார் என்று பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ லீவுக்கு வந்தாய். குழாயடியில் வைத்து உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, கோயிலுக்கு நேர்ந்துகொள்ளட்டுமா என்றுகூடக் கேட்டேன். நீ குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே, "முதல்ல செட்டப் பாப்போம்மா. மனுசரப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றாய். உனக்கு வயது என்ன அப்போது! எனக்குக் கோபம்தான் வந்தது. புருஷனைப் பற்றி அழுதால் இவள் தகரப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறாளே என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே செட்டின் மூடியைக் கழற்றி உட்கார்ந்துவிட்டாய். மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டு அரைப் பொழுது பார்த்தாய். எல்லாம் முடிந்ததும் மரியதாஸ் மாமா வேலை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாய், அப்பா கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாய். அப்புறம் இடது ஓரத்தில் இருந்த குமிழை நடுவில் நிறுத்தி, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாய். ஒங்க காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா என்று கேலி செய்துகொண்டே வந்து உட்கார்ந்தார். அதே நாதஸ்வரக் கேசட். தவில் கேட்கவில்லை என்றார். செட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகினாய். தவில் இப்போது வலது மூலைக்குப் போனது. அப்பா துள்ளி எழுந்தார். தவில் வந்துவிட்டது, நாயனம் இறங்கிவிட்டது, ஆகவே கோளாறு இடது ஸ்பீக்கர் பெட்டியில் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நீ இரண்டு பெட்டிகளையும் தூக்கி மூலை மாற்றி வைத்தாய். அப்போதும் இடது மூலைதான் இறங்கிக் கிடந்தது. அப்படியானால் ஒயரில்தான் என்றார். ஒயர்களையும் மாற்றினாய். அப்போதும் இடது மூலைதான். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டு மூலையும் ஒன்றுபோலக் கேட்டது. உனக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும், எந்தப் பக்கம் குறையுதுப்பா என்று புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டாய். அவர் சொன்ன பதிலைச் சந்தேகப்பட்டு ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பிறகு ஒயரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாய். உன்னுடைய அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னாய். இது என்ன கூத்து என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இந்தத் தடவை நீ ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தவில் அதே மூலையில்தான், ஆனால் அந்த மூலை இப்போது அவருக்கு இடது பக்கம்.

"இப்ப எது குறையுதுப்பா?"

"தவிலு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நன்றாகக் கேட்ட தவில் அது. எழுந்து நாற்காலியைத் தானே முன்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி பின்பக்கம் திருப்பி உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க மெஷினில் கோளாறு தேடிய மனிதர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீ அவர் எதிரே தரையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி அடக்கினாய். கேசட் அந்தப் பக்கம் முடிந்து தானாக நின்றது.

"எல்லாத்தையும் மாத்திட்ட பாப்பா" என்றார். "மாத்தாம இருக்கிறது நான் ஒருத்தந்தான்."

நீ அவர் முழங்காலில் கையை வைத்து, "பாத்துக்கிடலாம்ப்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். காதைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டு ஊரையெல்லாம் பழித்தீர்களே என்று தெருவுக்குக் கேட்கப் பேசியிருப்பேன். நீ கண்டுபிடித்ததை நீ சொல்லவே இல்லை. அவராகவே வந்து சேரும்வரை பொறுமையாக இருந்தாய். காதுதான் தன் கௌரவம் என்று வாழ்ந்த மனிதர் அன்றைக்குத் தலை குனியாமல் எழுந்தார் என்றால் அதற்கு நீதான் காரணம். டிரான்ஸிஸ்டர் பார்க்க யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். இந்தப் பக்குவம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை. நீங்கள் இருவரும் செட்டை மூடிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். பொண்டாட்டிக்கு இடது பக்கம் என்று கல்யாணத்தன்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து விசேஷ வீட்டில், பஸ்ஸில், நடக்கும்போது, படுக்கும்போது நான் அவருக்கு இடது பக்கம்தான். சாயங்காலம் அவர் நாற்காலிக்கு இடது பக்கம் உட்கார்ந்துதான் காய் நறுக்குவேன். எத்தனை கேள்வி கேட்டிருப்பேன் அந்தப் பக்கத்திலிருந்து! பதில் வராத ஒவ்வொன்றுக்கும் எனக்குள் ஒரு சண்டை போட்டிருக்கிறேன். மனிதருக்கு நான் அலுத்துப் போனேன் என்றே முடிவு கட்டியிருந்தேன். அவர் வேண்டுமென்று கேட்காமல் இருக்கவில்லை, நான் பேசியது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. எனக்குத் துக்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முறத்தை எடுத்துக்கொண்டு அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்து, ராத்திரிக்குத் தோசை ஊற்றட்டுமா என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். ஊத்து என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட சந்தோஷத்தை நீ கவனித்திருக்க மாட்டாய்.

அடுத்த நாளே அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார். நீ கூட வருகிறேன் என்றாய், வேண்டாம் என்றுவிட்டார். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனாராம். நிறையப் பேர் முன்னால் சொன்னதை நிறையப் பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏலே மரியதாசு, ஒஞ்செட்டுல ஒரு கோளாறும் இல்ல, எங்காதுதான் போச்சு என்று கடை வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். மரியதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "எங்கையி மேல எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. ஒரு மாசமா எந்தச் செட்டத் தொட்டாலும் பயமா இருக்கு" என்றாராம். அப்பா இதை வந்து என்னிடம் சொன்னார். தன் கோபம் இன்னொருவன் தொழிலையே அசைத்துவிட்டதே என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது. இப்படி ஒரு மனிதரோடு வாழ்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் திமிராக இருந்தது.

மதுரையில் காது டாக்டரிடம் நீதான் கூட்டிப் போனாய். இரண்டு காதும் பழுதுதான், இடது ரொம்ப அதிகம், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று அவர் சொன்னதை நீ கூட்டாமல் குறைக்காமல் வந்து சொன்னாய். வெறும் பஞ்சு போதாது என்று ரப்பர் அடைப்பான் எழுதிக் கொடுத்தார். காது விஷயத்தை அப்பா மில்லில் மறைத்து வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் அவரே போய், இனிமேல் என் காதை நம்பி மெஷினைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை ஒர்க் ஷாப்புக்கு மாற்றினார்கள். பழைய பெயர் போய்விட்டதே என்று கொஞ்ச நாள் வாட்டமாகத்தான் இருந்தார், மறைப்பானேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ரிங் பிரேம் ஆட்களைப் பிடித்து வைத்து, ஏலே காத அடைங்கலே, ஒங்க பொண்டாட்டி பேசுறது கேக்காமப் போயிரும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்கள், அப்ப அடைக்கவே மாட்டோம்ண்ணே என்று சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு அடைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். வேலைக் கள்ளன் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

புத்திமதி என்று ஏதாவது சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. உன் வீட்டிலும் ஒருநாள் ஏதோ ஒன்று சரியாகக் கேட்காது. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும். குற்றம் மாப்பிள்ளை பக்கம் என்று உனக்குத் தோன்றும், உன் பக்கம் என்று அவருக்குத் தோன்றும். அன்றைக்கு நீ எங்களுக்குச் செய்ததையே உனக்கும் செய்துகொள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார். அவர் சொல்லும் பதிலை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள். நீ நிற்கிற இடத்தையும் ஒருதரம் மாற்றி நின்று பார். நான் அதைச் செய்யாமல் எத்தனையோ நாளை வீணடித்தேன். கோபம் வந்தால் கோபப்படு, அதில் தப்பில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிடாதே.

கல்யாணத்தன்று அப்பா ஏன் அப்படி அழுதார் என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அப்புறம் சொல்கிறேன் என்றேன். தாலி கட்டி முடிந்து நீங்கள் இருவரும் எங்கள் காலில் விழ வந்தீர்கள். நான் வழக்கம்போல அவருக்கு வலது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உன் பெரிய அத்தை அதைப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி எடப்பக்கம்லா நிக்கணும், மாறி நில்லு என்று அதட்டினாள். சபையில் எதற்கு வம்பு என்று நானும் நகர்ந்தேன். நாலு பேர் பார்க்க என் விரல் நுனியைக்கூடத் தொட்டிராத மனிதர், சபை நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும்க்கா. இவ இந்தப் பக்கமே நிக்கட்டும். இவ பேசுறது எனக்குக் கேக்கணும்" என்றார்.

அத்தை விலகி நின்றாள். நீ குனிந்தாய். மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. உன் தலையில் அட்சதையைப் போட்டேன். அவர் பக்கம் சாய்ந்து, "இனிமே நம்ம ரெண்டு பேருதாங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று விட்டுவிட்டேன். நீ நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அவர் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. நீ மாப்பிள்ளையோடு மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவர் என் கையை விடவில்லை. என் பக்கம் குனிந்து, "கேட்டுச்சுடி" என்றார். "நீ பேசிக்கிட்டே இரு."

உன் அம்மா